நாற்பத்திரண்டு வீடும் ஒரு மனுவும்

ஒல்லாந்தர் பழவேற்காட்டை இங்கிலீஷ்காரர்களிடம் ஒப்படைத்த அன்று காலையில் நான் அவர்களுடைய கடிதம் ஒன்றுக்கு மூன்றாவது நகல் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு வந்தபோது வெளியே கொடியை இறக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த அரை வரியை எழுதுவதா வேண்டாமா என்று கேட்க ஆள் இல்லை. பதினோரு வருஷம் அதே வேலையைச் செய்தவனுக்கு அரை வரியை அந்தரத்தில் விட மனசு வரவில்லை, எழுதி முடித்தேன். அந்த நகலை வாங்கிக்கொள்ளவும் யாரும் வரவில்லை.

கடலுக்கு அப்பால் எங்கேயோ இரண்டு ராஜாங்கத்தார் உட்கார்ந்து, உனக்கு அது, எனக்கு இது என்று ஊர்களை மாற்றிக்கொண்டார்களாம். எங்கள் ஏரியை யாரும் கேட்கவில்லை. ஏரியில் இறங்குகிறவனையும் கேட்கவில்லை. ஊரில் அதற்காகப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டை என்று பேர் வைத்திருந்த செங்கல் குவியலின் மேல் ஒரு துணிக்குப் பதில் வேறு துணி. ஆடு மேய்க்கிறவன் அன்றைக்கும் ஆடுகளை அங்கேதான் விட்டிருந்தான். ஊர் முழுக்கத் தேடினாலும் நஷ்டப்பட்டவன் நான் ஒருவன்தான். ஒல்லாந்தர் எழுத்தை முத்து முத்தாக எழுதுவேன். அந்த எழுத்துக்கு அன்று மத்தியானம் முதல் ஒரு நெத்திலி கூடக் கிடைக்காது.

நான் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். தோணியில் ஏறினால் வாந்தி எடுப்பேன். மீன்காரன் மகனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. நைனா இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒல்லாந்தர் கிடங்கில் எடுபிடி வேலைக்கு விட்டார். அங்கே எழுத்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் வலையை எடுத்துக்கொண்டார், நான் இறகுப் பேனாவை எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சோறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஆக, முப்பது வயசுக்கு மேல் இங்கிலீஷ் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். பேசுவதற்கு இல்லை. பேசுகிற இங்கிலீஷை எங்கள் ஊர் நண்டு விற்கிற பெண்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் கற்க நினைத்தது எழுதுகிற இங்கிலீஷ். பக்கம் பக்கமாக, படிக்கிற துரை நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும்படி எழுத வேண்டும் என்பது என் ஆசை. ஆசைக்கு வரி போட அப்போது இரண்டு ராஜாங்கத்துக்கும் நேரம் இல்லை.

சொல்லிக்கொடுக்க ஒருவர் அகப்பட்டார். கிடங்குக் காவல்காரராக இருந்து செத்துப்போன ஒல்லாந்தர் ஒருவரின் விதவை. அந்த அம்மாளுடைய அப்பா சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர், அம்மா பழவேற்காடு. ஊரில் எல்லோரும் அவரைச் சட்டைக்காரம்மா என்றுதான் சொல்வோம். என்னைவிட இரண்டு மூன்று வயசு இளையவர். ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பாடத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நண்டு என்றார். அண்ணன் ஏரியில் நின்று பிடித்த நண்டைக் கொடுத்து நான் அறிவை வளர்த்துக்கொண்டேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எனக்கு ஊரான் கூட வேண்டியிருக்கவில்லை.

முதல் பாடம், ஏரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வா என்றார். நான் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சகல லோகத்தையும் படைத்த ஆண்டவனுடைய எல்லையில்லாத கருணையினால் உண்டான தண்ணீர்கள் அனைத்திலும் மேன்மை பொருந்தியது என்று தொடங்கினேன். ஏரி வருவதற்கு இரண்டாம் பக்கம் ஆயிற்று. மீன் வரவே இல்லை. ஒல்லாந்தர் கடிதங்களில் அப்படித்தான். பட்டங்களும் வந்தனங்களும் ஒன்றரைப் பக்கம் போகும், அப்புறம்தான் மிளகு மூட்டை நனைந்துபோன விஷயம் வரும். பதினோரு வருஷம் அதையே நகல் எடுத்தவன் வேறு எப்படி எழுதுவான்?

சட்டைக்காரம்மா நான்கு பக்கத்தையும் ரொட்டி மாவு ஒட்டிய கையோடு படித்தார். பிறகு பேனாவை எடுத்து அடித்தார். அடித்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டு வைத்தார். 'தண்ணீர் உப்பாக இருக்கிறது' என்பது அந்த வாக்கியம். அதை நான் இடம் நிரப்புவதற்காக எழுதியிருந்தேன்.

"ஒவ்வொரு வரிக்கும் கேளு. இதுல யாரு? இன்னா செய்றான்? பதில் இல்லன்னா அந்த வரி வேணாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இந்த அம்மாளுக்கு அலங்காரம் எழுதத் தெரியாததால் என் அலங்காரத்தை அடிக்கிறாள் என்று வீட்டில் வந்து அண்ணியிடம் புலம்பினேன். அண்ணி மீனை அரிந்துகொண்டே கேட்டாள். தலையையும் வாலையும் குடலையும் தள்ளிவிட்டு நடுத்துண்டைச் சட்டியில் போட்டாள். எழுத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஏனோ அன்று அந்தக் குழம்பு இறங்கவில்லை.

மூன்று மாதத்தில் ஒருவாறு திருந்தினேன். என்னிடம் இப்போதும் யாராவது இங்கிலீஷ் எழுத வழி கேட்டு வந்தால் அந்த அம்மாள் கேட்ட கேள்வியைத்தான் சொல்லி அனுப்புகிறேன். யார், என்ன செய்கிறான். கேட்டுவிட்டுப் போய் அவர்களும் ஆண்டவனுடைய கருணையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தண்டோராக்காரன் வந்தான். ஏரியில் யார் யாருக்கு எந்த எந்த இடம் என்று, இங்கிலீஷ் துரை உட்கார்ந்து உத்தரவு போடுகிற புதுக் கச்சேரியில் எழுதிக்கொள்ளப் போகிறார்கள். உரிமை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காத இடம் குத்தகைக்குப் போகும்.

தண்டோராச் சத்தம் ஓய்வதற்குள் எங்கள் குப்பத்தார் வலை பின்னுவதை நிறுத்திவிட்டார்கள். காரணத்தைச் சொல்கிறேன். முகத்துவாரத்துக்கு உள்ளே கடல் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் கலக்கிற இடத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. இறால் அங்கேதான் திரளும். காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாலு மாதமும் எங்கள் நாற்பத்திரண்டு வீட்டு அடுப்பையும் எரிய வைப்பது அந்த ஒரு திட்டுதான். அதைப் பெரிய பாடு என்போம். பாடு என்றால் முறை. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். வருஷத்துக்கு ஒரு தரம் எல்லா வீட்டு ஓலைத்துண்டுகளையும் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து, யாருக்கு எந்த நாள் என்று வரிசை கட்டுவோம். நாற்பத்திரண்டு நாள் சுற்றினால் மறுபடியும் முதல் வீடு. காய்ச்சலில் படுத்தவனுடைய நாளை இன்னொருவன் வலை போட்டு, வந்த இறாலை அவன் வாசலில் கொட்டிவிட்டுப் போவான். புருஷன் இல்லாத வீட்டுக்கும் நாள் உண்டு. அந்தத் திட்டு யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஒல்லாந்தரும் கேட்டதில்லை. அவர்களுக்குச் சாப்பாட்டு மேஜைக்கு இறால் வந்தால் போதும்.

இப்போது அந்தத் திட்டின் மேல் ஒரு உப்புக் குத்தகைக்காரர் கண் வைத்திருந்தார். வெளியூர்க்காரர். சென்னப்பட்டணத்திலிருந்து ஆள் வைத்து எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டாராம் என்று சேதி வந்தது. நாங்கள் ஒழுங்காக எழுதிக் கொடுக்காவிட்டால் திட்டு போயிற்று.

குப்பம் கூடியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாந்தி எடுக்கிறவன் என்று இருபது வருஷமாகச் சிரித்த ஊர், அன்றைக்கு எனக்குப் பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னது. சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் யோசிக்கிறவன் மாதிரி வானத்தைப் பார்த்துவிட்டு, சரி எழுதுகிறேன் என்றேன்.

அடுத்த பேச்சு, என்ன எழுதுவது. இங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. மனுவும் ஊர்ப் பொதுதானே, அதனால் மனுவுக்கும் பாடு கட்ட வேண்டும் என்றார் பெரியதனக்காரர். வீட்டுக்கு ஒரு வாக்கியம். யார் முதலில் சொல்வது என்பதற்குக் குலுக்கல். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, இதைவிட நியாயமான வழி உலகத்தில் இருக்க முடியாது என்பது போல் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கிலீஷில் கட்டுரை எழுதுவது எப்படி என்று யோசித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஓலை குலுக்கி எழுதியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

முதல் ஓலை ஒரு கிழவருடையது. அவர் தன் வாக்கியத்தில், பெரிய பாட்டில் ஒரு தரம் தன் தாத்தா பிடித்த மீனின் நீளத்தைச் சொன்னார். இரண்டாவது வீட்டுக்காரர் அந்த நீளம் பொய் என்பதைத் தன் வாக்கியமாக வைத்துக்கொண்டார். ஏழாவது வீட்டுக்காரி, மருமகள் உப்பு அதிகம் போடுகிறாள் என்று எழுதச் சொன்னாள். துரைக்கு அது எதற்கு என்று கேட்டேன். என் பாடு, நான் எதை வேண்டுமானாலும் போடுவேன் என்றாள். அதுவும் சட்டம்தான். ஒருவருக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை, தன் வாக்கியத்தை மச்சானுக்கு விட்டுக்கொடுத்தார். மச்சான் இரண்டு வாக்கியம் பேசினார். பதினெட்டாவது வீடு பத்தொன்பதாவது வீட்டை வலை அறுத்த திருடன் என்றது. பத்தொன்பதாவது வீடு தன் முறையில் திரும்பித் திட்டியது. இருபதாவது வீடு இருவரையும் சமாதானம் செய்தது. இத்தனையையும் நான் ஓலையில் குறித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஓலை குப்பத்துக் கடைசி வீட்டுக்காரருடையது. அதிகம் பேசாத மனுஷன். அவர் முறை வருவதற்குள் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், வேண்டாததையும் சொல்லிவிட்டார்கள். தலையைச் சொறிந்துகொண்டார்.

"நாங்களும் கீறோம்னு எய்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு வாக்கியத்தையும் ஒன்று கூட விடாமல் இங்கிலீஷில் ஆக்கி, ஆறு பக்கமாகச் சட்டைக்காரம்மாவிடம் கொண்டுபோனேன். படிக்கத் தொடங்கியவர் இரண்டாம் பக்கத்தில் அடுப்பில் ரொட்டி இருப்பதையே மறந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொட்டி கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் மாறியிருந்தது.

துரையின் மேஜையில் இந்த மாதிரி எத்தனையோ கட்டுகள் கிடக்கும், அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தனையையும் தள்ளிவிடப் பார்ப்பார், நாற்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அவர் காதில் ஒருவர் பேச்சும் விழாது என்றார். ஒரு வீட்டைக் காட்டு. ஒரு நாளைக் காட்டு. அந்த வீட்டு அடுப்பை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் மிச்ச வீடுகளைத் தானே புரிந்துகொள்வார். எந்த வீடு உனக்கு நன்றாகத் தெரியுமோ அதை எழுது.

எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு அண்ணன் வீடு. அங்கேதானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் எழுதினேன். விடியற்காலை. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரிய பாட்டில் வலையை வளைக்கிறார். கரையில் அண்ணி கூடையோடு நிற்கிறாள். அவள் இடுப்பில் அவர்களுடைய ஒரு வயசுப் பிள்ளை காய்ச்சலில் சுடுகிறான். நேற்று அடுப்பு எரியவில்லை. வலை கனத்தால் கஞ்சி உண்டு. எங்கள் நைனாவும் அவருடைய நைனாவும் இதே தண்ணீரில் இதே மாதிரி நின்றார்கள். இந்த இடம் போனால் இந்த அடுப்பு போயிற்று. இவ்வளவுதான் விஷயம். எல்லாம் நடந்தது, ஒன்றும் கற்பனை இல்லை. வலை கனக்காவிட்டால் மறுபடியும் முறை வர நாற்பத்தொரு நாள் காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் நாற்பத்தொரு நாள் என்று துரை கேட்பார், அதற்கு விளக்கம் எழுத வேண்டும், விளக்கம் வந்தால் ஓட்டம் கெட்டுவிடும். அந்த வரியை அடித்தேன். எனக்கும் அடிக்கிற கை வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன்.

சட்டைக்காரம்மா படித்தார். பேனாவை எடுக்கவே இல்லை. பிள்ளை காய்ச்சலில் சுடுகிற இடத்தில் நிறுத்தி, முன்றானை மாதிரி தோளில் போட்டிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் அடைந்த சந்தோஷங்களை வரிசை கட்டினால் அதுதான் முதல் ஓலை. கல்யாணம் அதற்குப் பிறகுதான் வரும்.

"முடிவுல அந்தக் கடைசி வூட்டாளு சொன்னத மட்டும் போட்டுடு. இதே மாதிரி இன்னும் நாப்பத்தோரு வூடு கீதுன்னு. அது இல்லாம குடுக்காத" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மனு, இந்த அடுப்பு போயிற்று என்ற இடத்தில் முடிந்தால் நெஞ்சை அடைத்தது. அதற்குக் கீழே மேலும் நாற்பத்தொரு வீடுகள் உண்டு என்று எழுதினால், நல்ல விருந்து சாப்பிட்டவன் இலையில் கடைசியாகக் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது. போட்டேன், எடுத்தேன். மறுபடியும் போட்டேன். கடைசியில் எடுத்துவிட்டுச் சுத்தமாக நகல் எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, காகிதத்தில் அந்த வரிக்கு இடம் இல்லாமலும் போகவில்லை. முடிவு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நாற்பத்தொரு வீட்டை எடுத்தேன்.

ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டுமே. கையில் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஓலையில் குறித்திருந்த நாற்பத்திரண்டு வாக்கியத்தையும் மனப்பாடமாகத் தமிழில் ஒப்பித்தேன். அவரவர் வாக்கியம் வந்தபோது அவரவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மருமகள் உப்பு போடுகிற இடத்தில் ஏழாவது வீட்டுக்காரி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேச்சும் இத்தனூண்டு காகிதத்திலா என்று ஒருவர் கேட்டார். இங்கிலீஷ் ரொம்பச் சுருக்கமான பாஷை என்றேன். அட, அதனால்தான் ஊர் ஊராகப் பிடிக்கிறான் என்று வியந்தார்கள். கீழே கையெழுத்துக்குப் பதிலாக யார் குறி போடுவது என்று அடுத்த கேள்வி. காகிதத்தில் இருந்தது அண்ணன் வீடு, வேறு யார் போட்டாலும் உதைக்கும். கச்சேரியில் ஊருக்கு ஒருவர் குறிதான் வாங்குவார்கள் என்று இன்னொரு பொய் சொன்னேன். அண்ணன் எழுந்து வந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஊருக்காகத் தன் குறியைப் போட்டார்.

சட்டைக்காரம்மா அந்த மாதக் கடைசியில் கொழும்பில் இருந்த தங்கையிடம் போய்ச் சேரக் கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன், அந்தக் கடைசி வரி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கச்சேரி முன்ஷி உத்தரவைக் கொண்டுவந்து, கரையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துத் தமிழில் படித்தார். வந்த மனுக்கள் எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தன, உப்புக் குத்தகைக்காரரின் மனு உட்பட. இந்த ஒரு மனு மட்டும் விஷயத்தைத் தெளிவாகவும் மனம் உருகும்படியும் சொன்னது என்று துரை பாராட்டியிருந்தார். அந்த வரியைக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். அடுத்த வரியில், பெரிய பாடு என்கிற திட்டு, மனுதாரராகிய என் அண்ணனுக்கும் அவர் வாரிசுகளுக்கும் பாத்தியம் என்று முன்ஷி படித்தார். வேறு யாரும் அங்கே வலை போடக் கூடாது என்றும் படித்தார்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், மனுவில் உண்மையில் இருந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு அழுதாள். அந்த நேரத்திலும் என் மனசின் ஒரு மூலை, தமிழிலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தது. என்னைப் போன்ற ஜென்மத்தை என்ன சொல்வது.

"அதுல ஒண்ணும் பொய் இல்லடா. பொய்யா இருந்தா அடிச்சிடலாம்" என்றார் அண்ணன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்தவன், குரங்கைத் திருப்பிப் பிள்ளையாராக்கவும் பார்த்தேன். இரண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை நாற்பத்திரண்டு வீட்டு வாக்கியமும் உள்ளது உள்ளபடி போயிற்று. தாத்தா பிடித்த மீன், உப்பு போடுகிற மருமகள், வலை அறுத்த திருடன், அத்தனையும். எல்லா வீட்டுக் குறியும் கீழே. கச்சேரியிலிருந்து நாலே வரியில் பதில் வந்தது. இந்தக் காகிதத்தின் நோக்கம் விளங்கவில்லை, முதல் மனுவில் இந்த மற்ற நபர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, விஷயம் முடிந்தது.

குறி போட்டவர் பேரிலேயே எழுதிவிட்டார்கள் என்று நினைத்த ஊர், திட்டு வெளியூர்க்காரர் கைக்குப் போகவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டது. அதற்கும் அண்ணன்தான் வழி சொன்னார். காகிதம் என் பேரில் இருந்துவிட்டுப் போகட்டும், பாடு எப்போதும் போல நடக்கட்டும் என்றார். குலுக்கல் நடந்தது, வரிசை கட்டினார்கள், எங்கள் வீட்டுக்கு நாற்பத்திரண்டில் ஒரு நாள். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை அண்ணன் கச்சேரிக்குப் போய்ச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே, திட்டு யாருடையது, வேறு யாராவது வலை போடுகிறார்களா என்று கேட்பார்கள். என்னுடையது, வேறு யாரும் போடுவதில்லை என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் இல்லை. மீன் எடையில் கூட ஒரு பொய் சொல்லாத மனுஷன் அதைச் சொல்லிவிட்டு வருவார். அன்று முழுக்க என்னோடு பேசமாட்டார். திட்டமாட்டார், முறைக்கமாட்டார், நான் இருக்கிற பக்கம் வரமாட்டார், அவ்வளவுதான். எனக்கு அது வருஷத்தில் ஒரு நாள். அவருக்கு அப்படி இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போய் வந்தார்.

அதற்குள் காய்ச்சலில் சுட்ட பிள்ளை வளர்ந்து, என்னிடமே இங்கிலீஷ் கற்று, அதே கச்சேரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். எழுத்து சுத்தம், பேச்சு அளவு. ஆண்டவனுடைய கருணையிலிருந்து அவன் ஒரு நாளும் எதையும் தொடங்கியதில்லை. இப்படி ஒரு மாணாக்கன் கிடைத்தானே என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன்.

அண்ணன் மார்கழியில் இறந்தார். தையில் குலுக்கல். கரையில் குடத்தை வைத்து, நாற்பத்திரண்டு வீட்டு ஓலைகளையும் போட்டாயிற்று. அண்ணன் மகன் கச்சேரிச் சட்டையோடு வந்தான், கையில் அந்தப் பழைய உத்தரவும் அதோடு தைத்திருந்த என் மனுவும். திட்டு இனி வாரிசாகிய தனக்கு என்றும், அதைக் குத்தகைக்கு விடப்போவதாகவும் சொன்னான். உப்புக் குத்தகைக்காரரின் மகன் கேட்டிருந்தானாம்.

நான் அவனைத் தனியே அழைத்தேன். இது ஊர்ப் பாடு, உங்கள் நைனா இத்தனை வருஷம் காப்பாற்றினார், அந்த மனுவை நான் எழுதிய விதம் தப்பு என்று படபடத்தேன். யார் என்ன செய்தான் என்று ஒரு வாக்கியமாவது ஒழுங்காக வந்ததா என்று தெரியாது. பொறுமையாகக் கேட்டான்.

"எவ்ளோ தெளிவா எய்தி கீறீங்க சித்தப்பா. இதுல சந்தேகம் இன்னா?" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பாராட்டினான். பிறகு ஊர்க்காரர்கள் முன்னால் போய் நின்று, அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று, மனுவை முதலிலிருந்து கடைசி வரை தமிழில் படித்தான். நல்ல குரல் அவனுக்கு. தண்ணீரில் நிற்கிற அண்ணன், கரையில் அண்ணி, இடுப்பில் அவனே. அண்ணன் செத்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, பெண்கள் அழுதுவிட்டார்கள். இந்த அடுப்பு போயிற்று என்ற இடத்தில் நிறுத்தினான். அதற்குக் கீழே படிக்க ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மணலிலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. கடைசி வீட்டுக்காரர் எழுந்தார். வயசாகிவிட்டிருந்தது, எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. என் அருகில் வந்து நின்றார்.

"இது நீ எய்தினதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"நல்லா கீது" என்றார்.

குடத்துக்குள் கையை விட்டு, தேடி, தன் வீட்டு ஓலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வரிசையாக வந்து, ஒருவரை ஒருவர் முந்தாமல், அவரவர் ஓலையை எடுத்துக்கொண்டு போனார்கள்.